ஏணி வண்டி

ஆர்லன்: வா... வா... இன்னும் வா... இடது பக்கம் ஒடி. என் இடது இல்ல மாப்ள, உன் இடது!

மிட்ச்: உங்க கையே தெரியல மச்சான். கண்ணாடியில தொப்பி மட்டும்தான் தெரியுது.

ஆர்லன்: எப்படித் தெரியும்? நீ மாடியில இல்ல உக்காந்திருக்க! வா... மெதுவா... நில்லு! நில்லு, நில்லு, நில்லு!

மிட்ச்: என்னாச்சு?

ஆர்லன்: பின் கதவ இறக்கினியா?

மிட்ச்: ...ஐயோ.

ஆர்லன்: இன்னும் ஒரு சாண் வந்திருந்தா குதிரை டிரெய்லரோட வளைஞ்ச கழுத்து இடிச்சு உன் பின் கதவு அப்பளமா நொறுங்கியிருக்கும்.

மிட்ச்: உங்க வண்டிப் பின் கதவுலயும்தான் அப்படி இடிச்ச பள்ளம் இருக்கு.

ஆர்லன்: அது ஒரு தடவை. டிரெய்லர் வெச்சிருக்கவன் எல்லாருக்கும் ஒரு தடவை நடக்கும். ரெண்டாவது தடவைதான் ஊர் சிரிக்கும்.

மிட்ச்: எனக்கு மொதல் தடவையே சிரிச்சு முடிச்சிட்டாங்க.

ஆர்லன்: ...சரி, இறங்கி வா. ஏணி வேணுமா?

மிட்ச்: முக்காலி இருக்கு. சீட்டுக்கு அடியில.

ஆர்லன்: நெசமாவா? முக்காலி போட்டா இறங்கற?

மிட்ச்: நான் குதிச்சிடுவேன். முக்காலி உங்க தங்கச்சிக்கு.

ஆர்லன்: பாவம் ரோண்டா. எங்க வீட்டுல இருந்தப்போ ஓடற குதிரையில தாவி ஏறுவா. உன்னைக் கட்டிக்கிட்டு முக்காலி போட்டு வண்டி ஏறறா.

மிட்ச்: சொல்லிக் காட்டாத நாள் இல்ல. ஆமா, உங்க வண்டி எங்க? வாசல்லதானே நிக்கும்.

ஆர்லன்: கொட்டகையில நிக்குது.

மிட்ச்: கொட்டகையிலயா? அது புதுசா இருந்தப்போகூட வெளியிலதான கெடந்துச்சு.

ஆர்லன்: வெயில்ல பெயின்ட் உரியுது.

மிட்ச்: அதுல பெயின்ட் இன்னும் இருக்கா?

ஆர்லன்: வந்த வேலையப் பாரு. டேப்ப எடு. டிரெய்லர் வேணும்னு மட்டும்தான் போன்ல சொன்ன. எப்ப வேணும்னு சொல்லலியே?

மிட்ச்: சனிக்கிழமைக்கு.

ஆர்லன்: சனிக்கிழமையா...

மிட்ச்: ஆமா. ஏன், உங்களுக்கு அன்னைக்கு வேணுமா?

ஆர்லன்: இல்ல... வேணும்தான்... பாக்கலாம். உன் டிரெய்லர் என்னாச்சு?

மிட்ச்: போன வருஷம் ஸ்வான்சன் பண்ணை வாசல்லயே கழுத்து வளைஞ்சு போச்சே. வெட்டி ஒட்டணும். வேலிக்குப் பக்கத்துல கெடக்கு. கோழி முட்டை போடுது அதுல.

ஆர்லன்: ம்... டேப்ப இந்தப் பக்கம் பிடி. தரையிலருந்து உன் வண்டிப் பெட்டியில டிரெய்லர் மாட்டற குண்டு வரைக்கும் எவ்வளவு?

மிட்ச்: பாருங்க நீங்களே.

ஆர்லன்: அடப்பாவி. என் இடுப்புக்கு மேல நிக்குது. இப்ப குண்டு மேல கவுக்கற டிரெய்லர் கிண்ணம்... சமமாத்தானே நிக்குது இது? ஜாக்கிய ரெண்டு சுத்து இறக்கு. போதும். கிண்ணத்துக்கும் குண்டுக்கும் ஒரு சாணுக்கு மேல வித்தியாசம் மாப்ள.

மிட்ச்: தெரியும்.

ஆர்லன்: தெரிஞ்சா ஏன் வந்த? உன் குண்டு உசரத்துக்கு இத மாட்டினா டிரெய்லர் மூக்கு வானத்தப் பாக்கும். உள்ள நிக்கற குதிரை எல்லாம் வால் பக்கம் சரியும். பாரம் பூரா பின் சக்கரத்துல விழுந்து டயர் சூடாயி வெடிக்கும்.

மிட்ச்: கழுத்துக் குழாய உள்ள தள்ளி மூக்க இறக்கினா?

ஆர்லன்: இறக்கினா கழுத்து உன் வண்டிப் பெட்டி விளிம்பு மேல வந்து உக்காந்துக்கும். நடுவுல ஒரு சாண் இடம் வேணும். விரல் நுழையாத இடத்துல ஓட்டினா, மொதல் பள்ளத்துல...

மிட்ச்: சொல்லுங்க.

ஆர்லன்: ...உனக்குத் தெரியாததா.

மிட்ச்: போன வருஷம் அதத்தான் பண்ணினேன். ஸ்வான்சன் வாசல்ல மாடு தாண்டாம இருக்க இரும்புக் கம்பி போட்ட பள்ளம் இருக்குல்ல, அதத் தாண்டினேன். முன் சக்கரம் மேல ஏறுது, கழுத்து பெட்டி விளிம்ப அமுக்குது. நண்டு கடிச்ச மாதிரி கப்புனு பிடிச்சிக்கிச்சு. முன்னாடியும் போகல, பின்னாடியும் போகல.

ஆர்லன்: கன்னுக்கு அடையாளச் சூடு போட வந்த ஊர் பூரா உனக்குப் பின்னாடி வரிசையில நின்னுச்சு.

மிட்ச்: உள்ள கன்னுக்குட்டிங்க எல்லாம் தாய விட்டுப் பிரிச்சு அடைச்சு வெச்சிருந்தாங்க. அதுங்க கத்தின கத்து இன்னும் காதுல இருக்கு. வெயில் ஏறுது, ஒருத்தன்கூட உள்ள வர முடியல. வாசல்ல நான் நிக்கிறேன்.

ஆர்லன்: மதியச் சாப்பாடு சாயங்காலம் ஆச்சு. ஸ்வான்சன் வீட்டம்மா சுட்ட மாட்டிறைச்சி கல்லா போச்சு.

மிட்ச்: அதையும் ஞாபகம் வெச்சிருக்கீங்க.

ஆர்லன்: பல்லு ஒண்ணு ஆடுது அதுலருந்து.

மிட்ச்: அன்னைக்கு ஏணின்னு ஒரு பேர் வெச்சாங்க எனக்கு. இன்னும் போகல. தீவனக் கடையில கூட, என்ன ஏணி, சௌக்கியமாங்கறாங்க.

ஆர்லன்: ஊர்ல யாராவது எதாவது சொல்லிட்டேதான் இருப்பான்.

மிட்ச்: யாரு மொதல்ல சொன்னதுன்னு தெரியுமா மச்சான் உங்களுக்கு?

ஆர்லன்: ...போன் அடிக்குது. இரு.

மிட்ச்: பேசுங்க.

ஆர்லன்: ஹலோ... ஆ, குரோகர்... ஆமாமா, சனிக்கிழமைதான். ஸ்வான்சன் வீட்டுல கன்னுக்குச் சூடு போடறோம்... வழக்கம்போல விடியறப்போ வந்துடு... ஆமா, ஆள் கொறையுது... ரெண்டு குதிரை போதும்... அப்புறம், அந்த விஷயம்... அதான், நான் கேட்டேன்ல... இடம் இல்லையா? ...சரி சரி. மகனும் வர்றானா... பரவால்ல, பரவால்ல. நான் பாத்துக்கறேன்... வெக்கறேன்.

மிட்ச்: பக்கத்துப் பண்ணைக் குரோகர்தானே? என்ன இடம் இல்லியாம்?

ஆர்லன்: ஒண்ணுமில்ல. சும்மா.

மிட்ச்: ஆள் கொறையுதா?

ஆர்லன்: அது கூப்பிடற முறை மாப்ள. உனக்குத் தெரியாதா. கூட்டமே வந்தாலும் ஆள் கொறையுதுன்னுதான் சொல்லணும். விருந்துக்குக் கூப்பிடற மாதிரி கூப்பிட்டா அது மரியாதை இல்ல. கை வேணும்னு கூப்பிடணும்.

மிட்ச்: தெரியும். போன வருஷம் எனக்கும் அப்படித்தான் சொன்னீங்க.

ஆர்லன்: ஸ்வான்சனுக்குக் காது போயிடுச்சு. போன் பேசற வேலைய என் தலையில கட்டிட்டார். என்ன பண்றது.

மிட்ச்: எல்லாரையும் கூப்பிட்டாச்சா?

ஆர்லன்: ஏறக்குறைய.

மிட்ச்: ம்.

ஆர்லன்: உனக்கும்... போன் பண்ணணும்னுதான் இருந்தேன். இந்த மேட்டுப் பக்கம் சிக்னல் ஒழுங்கா...

மிட்ச்: எனக்கு நல்லா கெடைக்குது மச்சான். வாரம் பூரா பக்கத்துலயேதான் வெச்சிருந்தேன். பால் கறக்கப் போனாக்கூட சட்டைப் பையில. விடுங்க. டிரெய்லரப் பாப்போம்.

ஆர்லன்: தண்ணி இறைக்கற உன் கிணத்துக் காத்தாடி எப்படி ஓடுது இப்போ?

மிட்ச்: காத்தாடியா? நல்லாத்தானே ஓடுது. ஏன்?

ஆர்லன்: சும்மா கேட்டேன். காத்து ஜாஸ்தியா இருக்கே இந்த மாசம்.

மிட்ச்: இந்த மணல்மேட்டுல என்னைக்குக் காத்து கம்மியா இருந்துச்சு?

ஆர்லன்: அதான... சரி மாப்ள, வெளிப்படையா சொல்றேன். இந்த டிரெய்லர் உன் வண்டிக்கு ஒத்து வராது. குள்ளமான வண்டிக்குப் பண்ணின டிரெய்லர் இது. நீ போயி எவரெஸ்ட் மாதிரி ஒண்ண வாங்கி வெச்சிருக்க. எதுக்குடா இவ்வளவு உசரம் உனக்கு?

மிட்ச்: உண்மைய சொல்லவா?

ஆர்லன்: சொல்லு.

மிட்ச்: பனிக்காலத்துக்குன்னு ரோண்டாகிட்ட சொன்னேன். பனியில நல்லாத்தான் போகுது. ஆனா அதுக்கில்ல. வண்டிக் கடையில சும்மா ஏறி உக்காந்து பாத்தேன். எல்லாரோட கூரையும் கீழ தெரிஞ்சுது. நான் குள்ளன் மச்சான். சின்ன வயசுலருந்து எல்லார் தாடையையும் பாத்தே பேசிப் பழகினவன். அன்னைக்கு மொதல் தடவையா ஒருத்தன் தலை உச்சியப் பாத்தேன்.

ஆர்லன்: யாரோடது?

மிட்ச்: கடைக்காரன். வழுக்கை.

ஆர்லன்: ஹா! வழுக்கையப் பாக்கவா வண்டி வாங்கின!

மிட்ச்: சிரிங்க. எனக்கே வெக்கமாத்தான் இருக்கு. திருப்பிக் குடுக்கலாம்னா இப்ப விளிம்பு நசுங்கிக் கெடக்கு. யாரு எடுப்பா.

ஆர்லன்: அந்த நசுங்கல் மேல குதிரைப் போர்வையப் போட்டு மூடியிருக்கியே, அதுதான் எல்லார் கண்ணுலயும் படுது. மூடாம இருந்தா யாரும் பாக்க மாட்டான்.

மிட்ச்: உங்களுக்குத் தெரியாது மச்சான். எல்லாரும் பாக்கறாங்க. நான் இறங்கினதும் நீங்ககூட அங்கதான் பாத்தீங்க.

ஆர்லன்: ...சரி, இப்ப என்ன பண்ணலாம்ங்கற?

மிட்ச்: மூக்கத் தூக்கக் கூடாது, கழுத்தையும் இறக்கக் கூடாது. அப்ப டிரெய்லர் முழுசையும் தூக்கிடுவோம். அச்சுக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் நடுவுல இரும்புக் கட்டை குடுத்தா, முன்னாடியும் பின்னாடியும் ஒரே மாதிரி எழும்பும். இந்தாங்க.

ஆர்லன்: என்னடா இது?

மிட்ச்: கட்டை. நாலு. நீளமான யூ போல்ட்டும் கொண்டாந்திருக்கேன்.

ஆர்லன்: வெல்டிங் எல்லாம் வெச்சு, பெயின்ட் அடிச்சு... ஏய், இது என் அச்சோட அகலத்துக்கு அச்சா பொருந்துதே. என் டிரெய்லர் அளவு உனக்கு எப்படித் தெரியும்?

மிட்ச்: ஞாயித்துக்கிழமை வந்து அளந்துட்டுப் போனேன். நீங்க சர்ச்சுக்குப் போயிருந்தீங்க.

ஆர்லன்: அதான் உன்னை சர்ச்சுல காணோம்! பாதிரியார் வேற கேட்டார், மிட்ச்சுக்கு உடம்பு சரியில்லியான்னு. நான் வேற ஆமான்னு... இரு. இங்கயா வந்த? கொட்டகைக்குள்ள போனியா?

மிட்ச்: ஏன்?

ஆர்லன்: போனியா இல்லியா?

மிட்ச்: டேப்பு தேடலாம்னு கதவத் தொறந்தேன்... இல்ல, போகல. ஏன் மச்சான்?

ஆர்லன்: பாம்பு இருக்கு உள்ள.

மிட்ச்: பாம்பா?

ஆர்லன்: கிலுகிலுன்னு வாலாட்டுமே, அது. பெருசு. போயிடாத அந்தப் பக்கம்.

மிட்ச்: அடிச்சுப் போடலாமே. ரெண்டு பேர் இருக்கோம்.

ஆர்லன்: வேண்டாம்னா விடேன்! பாம்பு பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது.

மிட்ச்: சரி... சரி. கோவப்படாதீங்க.

ஆர்லன்: ஜாக்கிய இந்தப் பக்கம் வை. மொதல்ல முன் அச்சு. கல்ல அண்டக் குடு சக்கரத்துக்கு. குடுத்தாச்சா?

மிட்ச்: குடுத்தாச்சு. ஆனா மச்சான், தூக்கிட்டா அப்புறம் உங்க பழைய வண்டிக்கு இது ஒத்து வருமான்னு கேக்கவே இல்லியே நீங்க.

ஆர்லன்: என் வண்டிக்கா... ஆமால்ல. வருமா?

மிட்ச்: வரும். கழுத்துக் குழாய ரெண்டு ஓட்டை கீழ இறக்கினாப் போதும். கணக்குப் போட்டுட்டேன்.

ஆர்லன்: அப்ப சரி. ஸ்பானர் குடு. பெருசு. அது இல்ல, அதுக்கு அடுத்தது.

மிட்ச்: இந்தாங்க. துரு பிடிச்சிருக்கு, எண்ணெய் விட்டு ஊற வெச்சுத்தான்...

ஆர்லன்: எனக்குச் சொல்லித் தராத. ம்ம்... ஹப்பா. வந்துடுச்சு.

மிட்ச்: மச்சான்.

ஆர்லன்: என்ன?

மிட்ச்: அடுத்த சனிக்கிழமை எங்க வீட்டுல சூடு போடறோம்.

ஆர்லன்: தெரியுமே.

மிட்ச்: ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் போனாத்தான் நம்ம வீட்டுக்கு வருவாங்க. போகாதவன் வீட்டுக்கு யாரு வருவா? நானும் ரோண்டாவும் ரெண்டு பேருமா அத்தனை கன்னையும் பிடிக்க முடியுமா?

ஆர்லன்: அதெல்லாம் வருவாங்க.

மிட்ச்: போன வருஷம் என் வாசல்ல பாதிப் பேர்தான் வந்தாங்க. மீதிப் பேருக்கெல்லாம் அன்னைக்குப் பாத்து வேலை. ஒருத்தனுக்குப் பல்வலி.

ஆர்லன்: நான் வந்தேன்ல.

மிட்ச்: வந்தீங்க. சாப்பிடாம போனீங்க.

ஆர்லன்: அவசரம் அன்னைக்கு.

மிட்ச்: ரோண்டா உங்களுக்குன்னு ருபார்ப் தண்டு போட்டு இனிப்புப் பை சுட்டு வெச்சிருந்தா. சாயங்காலம் நாய்க்குப் போட்டா. நாயும் திங்கல, அது வேற விஷயம்.

ஆர்லன்: ஹ... அவ சுடற பை அப்படித்தான்.

மிட்ச்: அதான் இந்தத் தடவை ஸ்வான்சன் வாசல்ல இந்த வண்டி மாட்டக் கூடாது மச்சான். வழுக்கிட்டுப் போற மாதிரி போகணும். எல்லாரும் பாக்கணும். அது ஒண்ணு நடந்தாப் போதும் எனக்கு. ராத்திரி படுத்தா அந்த வாசல்தான் வருது.

ஆர்லன்: ...கட்டைய நேரா பிடி. கோணுது.

மிட்ச்: நேராத்தான் இருக்கு. நீங்கதான் கோணலா பாக்கறீங்க.

ஆர்லன்: வயசாச்சு. முறுக்கு. இன்னும்... ம். அடுத்தது.

மிட்ச்: காபி குடிக்கிறீங்களா? பிளாஸ்க்ல இருக்கு.

ஆர்லன்: முடிச்சிட்டுக் குடிக்கலாம்... இல்ல, குடு.

மிட்ச்: இந்தாங்க.

ஆர்லன்: மாப்ள, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு வாசல்ல மாட்டிக்கிட்டு நின்னப்போ... நான் எங்க இருந்தேன், ஞாபகம் இருக்கா?

மிட்ச்: உள்ள. அடுப்புக்குப் பக்கத்துல. சூட்டுக்கோல் காய வெச்சுட்டு இருந்தீங்க.

ஆர்லன்: வந்து ஒரு கை குடுத்திருக்கலாம் நான்.

மிட்ச்: சூட்டுக்கோல விட்டுட்டு வர முடியாதே.

ஆர்லன்: யாராவது பிடிச்சிருப்பான். வரல. குரோகர் கேட்டான், வாசல்ல நிக்கிறது உன் தங்கச்சி புருஷன்தானேன்னு. அவனா, அவன் ஏணி வெச்சு ஏறற வண்டிக்காரன், எனக்கு என்ன தெரியும்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. நானும்...

மிட்ச்: தெரியும் மச்சான்.

ஆர்லன்: தெரியுமா?

மிட்ச்: அந்தப் பேர் எங்கருந்து வந்துச்சுன்னு குரோகரே சொன்னான். பெருமையா சொன்னான். உன் மச்சான் நல்லா பேசறாருன்னு.

ஆர்லன்: ...காபி ஆறிப்போச்சு.

மிட்ச்: ஊத்திட்டு வேற தரவா?

ஆர்லன்: வேண்டாம். நாலாவது கட்டையக் குடு.

மிட்ச்: இந்தாங்க.

ஆர்லன்: பிடி. விட்டுடாத. ம்ம்ம்... ஆச்சு. ஜாக்கிய இறக்கு. மெதுவா... எழும்பிடுச்சுடா! பாரு, குதிரை முழிச்சு எந்திரிச்ச மாதிரி நிக்குது.

மிட்ச்: இப்ப வண்டியப் பின்னாடி கொண்டு வரேன். பின் கதவு இறக்கியாச்சு, முன்னாடியே சொல்லிடறேன்.

ஆர்லன்: கையப் பாரு, தொப்பியப் பாக்காத. வா... வா... நேரா வா... கொஞ்சம் வலது... உன் வலது... நில்லு! அப்படியே நில்லு. குண்டுக்கு நேர் மேல கிண்ணம். இறக்கறேன்.

மிட்ச்: உக்காந்துச்சா?

ஆர்லன்: உக்காந்துச்சு. பூட்டிட்டேன். சங்கிலியும் மாட்டியாச்சு. இறங்கி வா, வந்து பாரு.

மிட்ச்: சமமா இருக்கா?

ஆர்லன்: முன்னாடியும் பின்னாடியும் ஒரே அளவு. டேப்ப விளிம்புக்கும் கழுத்துக்கும் நடுவுல வை.

மிட்ச்: ஒரு சாண். அதுக்கும் மேல கொஞ்சம்.

ஆர்லன்: என் கைய விட்டுப் பாக்கறேன். தாராளமாப் போகுது. இப்ப எந்தப் பள்ளத்துலயும் இறக்கலாம் நீ.

மிட்ச்: ஸ்வான்சன் வாசல்?

ஆர்லன்: வெண்ணெயில கத்தி மாதிரி போகும்.

மிட்ச்: அப்பாடா.

ஆர்லன்: ...மாப்ள.

மிட்ச்: சொல்லுங்க.

ஆர்லன்: இப்படி உக்காரு. இல்ல, நின்னுக்கோ. நான் முறையா கேக்கறேன். சனிக்கிழமை ஸ்வான்சன் வீட்டுல கன்னுக்குச் சூடு போடறோம். ஆள் கொறையுது. உன்னால வர முடியுமா? எத்தனை குதிரை வேணும்னு கேளு. அதானே முறை.

மிட்ச்: முடியாது மச்சான்.

ஆர்லன்: என்னது?

மிட்ச்: சனிக்கிழமை வேலை இருக்கு.

ஆர்லன்: விளையாடாத. என்ன வேலை?

மிட்ச்: கிணத்துக் காத்தாடி பழுது பாக்கணும்.

ஆர்லன்: நல்லா ஓடுதுன்னு இப்பதானே சொன்... மிட்ச். அத யாரு சொன்னா உனக்கு?

மிட்ச்: ஸ்வான்சன். நேத்து தீவனக் கடையில பாத்தேன். தோள்ல கை போட்டு, காத கிட்ட கொண்டாந்து கேட்டார். என்னப்பா, சனிக்கிழமை உன்னால வர முடியாதாமே, காத்தாடி உடைஞ்சு போச்சாமே, ஆர்லன் சொன்னான், மாட்டுக்குத் தண்ணிக்கு என்ன பண்றேன்னு. ரொம்ப வருத்தப்பட்டார். ஆள் அனுப்பவான்னுகூட கேட்டார்.

ஆர்லன்: நீ... நீ என்ன சொன்ன?

மிட்ச்: ஆமாங்கய்யா, காத்தாடிதான்னு சொன்னேன். கத்தி சொன்னேன், கடை பூரா கேட்டுச்சு. வேற என்ன சொல்றது? என் மச்சான் பொய் சொல்றார்னு அத்தனை பேர் முன்னாடி சொல்லவா?

ஆர்லன்: கடவுளே.

மிட்ச்: ராத்திரி பூரா எனக்குக் கோவம். விடியறதுக்குள்ள உங்க வீட்டுக்கு வந்து சட்டையப் பிடிக்கணும்னு இருந்தேன். ரோண்டாதான் உக்கார வெச்சா. அவளும் அழுதா. உங்களுக்காக அழுதாளா எனக்காகவான்னு தெரியல.

ஆர்லன்: மாப்ள, ஸ்வான்சன் குடுத்த பட்டியல்ல உன் பேர் இருந்துச்சு. அவர் வேண்டாம்னு சொல்லல. நான்தான்... உன்னைக் கூப்பிட்டா மறுபடி வாசல்ல எதாவது ஆகும், மறுபடி எல்லாரும் என்னைத் திரும்பிப் பாப்பாங்கன்னு... உன் சொந்தக்காரன்னு அங்க நிக்க எனக்கு வெக்கமா இருந்துச்சு. இப்ப இதச் சொல்ல அதவிட வெக்கமா இருக்கு.

மிட்ச்: ம்.

ஆர்லன்: திட்டேன். எதாவது சொல்லேன்.

மிட்ச்: என்ன சொல்ல? எனக்கும் அப்படி வெக்கமாத்தான் இருந்துச்சு மச்சான், நான் நானா இருக்கறதுக்கு.

ஆர்லன்: இப்பவே ஸ்வான்சன் வீட்டுக்குப் போறேன். உண்மைய சொல்லிடறேன். நீ வர்ற.

மிட்ச்: எதுல போவீங்க?

ஆர்லன்: என்ன?

மிட்ச்: ஒண்ணுமில்ல.

ஆர்லன்: இரு... நீ வர்றதா இல்லன்னா, இவ்வளவு நேரம் எதுக்குடா இது? கட்டை, போல்ட்டு, பெயின்ட்டு... ஞாயித்துக்கிழமையே வந்து அளந்திருக்க! சனிக்கிழமைக்கு டிரெய்லர் வேணும்னியே?

மிட்ச்: சனிக்கிழமைக்கு வேணும்னுதான் சொன்னேன். எனக்குன்னு சொல்லல. அளந்தப்போ நானும் வர்றதாத்தான் நினைச்சிருந்தேன். ரெண்டு பேர் குதிரையையும் ஒண்ணா ஏத்திட்டுப் போகலாம்னு.

ஆர்லன்: புரியல.

மிட்ச்: அங்க ரோட்டுல தூசி தெரியுதா?

ஆர்லன்: தெரியுது. யாரோ வர்றாங்க... ரோண்டாவோட கார் மாதிரி இருக்கே. அவ எதுக்கு வர்றா?

மிட்ச்: என்னைக் கூட்டிட்டுப் போக.

ஆர்லன்: உன்கிட்டதான் வண்டி இருக்கே... மிட்ச், வண்டியோட நீ போகலியா? டேய், சாவிய ஏன் என் கையில குடுக்கற?

மிட்ச்: கொட்டகையில பாம்பு எதுவும் இல்ல மச்சான். ஞாயித்துக்கிழமை கதவத் தொறந்தேன்ல, உள்ளயும் போனேன். கியர் பெட்டிய நடுவுல பிரிச்சுப் போட்டு, உங்க வண்டி செத்துக் கெடந்துச்சு. சர்ச்சுக்குக்கூட யார் கார்லயோதான் போயிருக்கீங்க. குரோகர் டிரெய்லர்ல இடமில்ல, வேற யார்கிட்டயும் நீங்க கேக்க மாட்டீங்க, என்கிட்ட செத்தாலும் கேக்க மாட்டீங்க. ஆனா சூட்டுக்கோல் பிடிக்க நீங்க போயாகணும். அதான் உங்க டிரெய்லருக்கு என் வண்டியப் பொருத்தியாச்சு. அங்க போய் என்ன சொல்றதுன்னு நீங்களே பாத்துக்கங்க. இந்த வண்டியிலருந்து இறங்கினா எதாவது சொல்லித்தான் ஆகணும். போர்வைய வேணும்னா எடுத்துடுங்க. முக்காலி சீட்டுக்கு அடியில இருக்கு... மொதல் தடவை ஏறும்போது ஊரே பாக்கற மாதிரி இருக்கும். பழகிடும்.